பக்கத்துக் கட்டிலின் திருத்தங்கள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவர் இருபது வருடங்களுக்கு மேல் இடப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கை மிதித்தே பிழைத்தவர். சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட பிறகு டயாலிசிஸ் கட்டிலில் கண்ணயர்ந்தாலும், அவர் வலது கால் போர்வைக்குள் எதையோ மிதித்துக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துவிட்ட ஒரு நர்ஸ் அவருக்கு 'பிரேக் மாஸ்டர்' என்று பெயர் வைத்தாள். நாளடைவில் மருத்துவர்கூட அப்படியே அழைத்தார்.

மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் ஜன்னலோரமாக இருந்தது அவருடைய கட்டில். வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம். இடது கையில் இரண்டு ஊசிகள். ஒரு குழாயில் ரத்தம் வெளியே போகும், இன்னொன்றில் திரும்பி வரும். வலது கை மட்டும் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருந்த கைதான் எல்லாவற்றுக்கும் காரணம். காத்திருக்கும் அறையில் கிடந்த ஒரு வார இதழில் சிறுகதைப் போட்டி அறிவிப்பைப் பார்த்தார். இதென்ன பெரிய மலையா என்று தோன்றியது. போனை வயிற்றின் மேல் ஒரு தலையணையில் சாய்த்து வைத்துக்கொண்டு, கட்டை விரலால் எழுத ஆரம்பித்தார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஒரு பதிப்பகத்தில் காலமெல்லாம் பிழை திருத்திய பெண்மணி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பி குடும்பத்தோடு இருந்தார். இந்தப் பிரிவுக்கு வந்த முதல் நாளே சுவரில் 'கைகளை கழுவவும்' என்று ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டு, நடுவில் ஒரு 'க்' போட்டுவிட்டு வந்து ஊசியைக் குத்தும்படி சொன்னவர். அன்றிலிருந்து அவர் 'திருத்தம்மா'.

மாஸ்டர் தன் முதல் கதையை அவரிடம் கொடுத்தது, ஒற்றுப் பிழை பார்த்துத் தருவார் என்ற நம்பிக்கையில்தான். பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு நல்லவர், பிரேக் பிடிக்காமல் போன வண்டியை மரத்தில் மோதி, குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டு உயிரை விடுகிறார். குழந்தைகள் அழுகிறார்கள். பெற்றோர் அழுகிறார்கள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு அழுகிறார். கடைசியில் வானமும் அழுகிறது.

திருத்தம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஒற்றுப் பிழை ஒம்பது இருக்கு, அதை விடுங்க. உங்க கதையில எல்லாரும் அழுதுட்டாங்க மாஸ்டர். மழைகூட அழுதிடுச்சு. படிக்கிற எனக்குன்னு ஏதாவது மிச்சம் வெச்சிருக்கலாம்."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அடுத்த முறை வந்தபோது ஜன்னல் பக்கமே திரும்பிப் படுத்துக்கொண்டார். திருத்தம்மாவும் சமாதானம் பேசவில்லை. அதற்கும் அடுத்த முறை, மிஷின் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், மாஸ்டராகவே சரி, எப்படித்தான் எழுதணும் என்று கேட்டார். தனக்கு எழுதத் தெரியாது, எழுதியதில் எது பொய் என்று மட்டும்தான் தெரியும் என்று திருத்தம்மா பதில் சொன்னார். வேண்டுமானால் இந்த அறையில் இருப்பதை எழுதுங்கள், ஆனால் 'போல' என்ற வார்த்தை ஓர் இடத்திலும் வரக்கூடாது என்றார்.

அது அவ்வளவு லேசாக இல்லை. மிஷின் எதைப் போலவும் இல்லாமல் வெறும் மிஷினாக இருந்தால் அதைப் பற்றி என்ன சொல்வது? மாஸ்டர் எழுதினார், அழித்தார், எழுதினார். எதிர்க் கட்டிலில் ஒரு காய்கறி வியாபாரி இருந்தார். டயாலிசிஸ் நடக்கும்போது அவருக்கு உடம்பு குளிரும். போர்வை போதாமல், மனைவியின் கம்பளிச் சட்டையைத் தலைகீழாகக் கால்களில் மாட்டிக்கொள்வார். அதை எழுதினார். கூடவே அவரது பொறுமை, குடும்பத்தின் பாசம், விதியின் விளையாட்டு என்று ஒரு பக்கமும் எழுதினார். திருத்தம்மா முழுதும் படித்துவிட்டு, சட்டையின் கைகளுக்குள் கால்கள் போன இடத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது நீங்க பாத்தது. மத்ததெல்லாம் எங்கேயோ கேட்டது."

இப்படியே மாதங்கள் போயின. போட்டிக்கான தேதி எப்போதோ கடந்துவிட்டது. மாஸ்டருக்கு அது நினைவிலும் இல்லை. வண்டி கற்றுக்கொள்ள வந்தவர்களைப் பற்றி எழுதினார். ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் தாய்மொழி மறந்துபோகிற வக்கீல், பின்னால் வருகிற லாரியிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கிற டீச்சர். திருத்தம்மா சில சமயம் சிரித்தார். சிரித்தால் இருமல் வரும். இருமினால் மிஷின் கத்தும். நர்ஸ் ஓடி வந்து இருவரையும் முறைப்பாள். திருத்தம்மாவுக்கு இதயம் பலவீனமாகிக்கொண்டு வந்தது. சில நாள் பாதியிலேயே ரத்த அழுத்தம் விழுந்து, கால்மாட்டை உயர்த்தி வைப்பார்கள். முகம் வெளுத்துக் கிடந்த நிலையிலும், அந்த லாரியை இன்னும் கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருக்கலாம் என்பார்.

தனக்கு நோய் என்று தெரிந்த நாளை எழுத வேண்டும் என்று மாஸ்டருக்கு வெகுநாளாக ஒரு நினைப்பு. அது நடந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கீழே புறநோயாளிகள் பிரிவு, மருத்துவரின் மேஜை மேல் பிளாஸ்டிக் சிறுநீரகம், அதை அவர் இரண்டாகப் பிரித்துக் காட்டியது, மறுபடி பொருத்த முடியாமல் திணறியது என்று எல்லாமே நன்றாக வந்தன. இதையெல்லாம் பார்த்திருக்கிறோமே என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கடைசியில், 'அதைக் கேட்டதும் என் மனைவி கதறி அழுதாள்' என்று முடித்திருந்தார்.

"அழுதாங்களா?" என்று கேட்டார் திருத்தம்மா.

மாஸ்டர் யோசித்தார். மருத்துவர் பேசும்போது அவள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். பிறகு ரத்தம் எடுக்க அவரை உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது தாழ்வாரத்தில், தண்ணீர் பாட்டில் விற்கும் மிஷின் அருகே, ஜன்னலைப் பார்த்தபடி நின்றிருந்தாள். கையில் போன் இருந்தது. முகம் எப்படி இருந்தது என்று ஞாபகம் இல்லை. அழுதிருப்பாள் என்று நினைத்ததாகச் சொன்னார்.

"நெனச்சீங்க. பாக்கலை."

"எனக்கு அன்னிக்கு என்னோட கவலையே பெரும்பாடா இருந்துச்சும்மா."

"தப்புன்னு சொல்லலையே. தெரியலைன்னா கேளுங்க. வீட்டுலதானே இருக்காங்க?"

கேட்பது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவளிடம் போய், அன்றைக்கு நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எந்த முகத்தோடு கேட்பது? அவர் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். அதிகம் பேசாதவள். டயாலிசிஸ் நாட்களில் அவரைப் பேருந்தில் கூட்டிவந்து, கட்டிலில் விட்டுவிட்டு, கீழே போய் உட்கார்ந்து கையோடு கொண்டுவந்த துணிக்குப் பொத்தான் வைப்பாள். முடிந்ததும் வந்து கூட்டிப் போவாள். உதவி செய்கிறோம் என்ற பாவனையே அவளிடம் இருக்காது. செருப்பை எடுத்து அவர் காலருகே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார். கதைக்காக என்று சொன்னார். அது கேட்பதற்கு லேசாக இருந்தது.

அவள் சக்கரத்தைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒழுகிய எண்ணெயைத் துணியால் துடைத்தாள்.

"டிக்கெட்டை ரத்து பண்ணிட்டு இருந்தேன்" என்றாள்.

என்ன டிக்கெட் என்று அவருக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். கடல் தாண்டி இருந்த அவளுடைய அக்கா, ரெண்டு மாசம் வந்து தங்கிட்டுப் போ என்று விமான டிக்கெட் அனுப்பியிருந்தாள். அக்காவும் தங்கையும் பார்த்துக்கொண்டு எட்டு வருடம் ஆகியிருந்தது. அவரிடம் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் சொல்லிவிடலாம் என்றிருந்தாள். காலையில் மருத்துவமனையிலிருந்து பரிசோதனை முடிவு வந்துவிட்டது, ரெண்டு பேரும் வாருங்கள் என்று போன் வந்தது.

மாஸ்டர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். அந்த அக்கா, அடுத்த வருடமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள். செய்தி வந்த அன்று அவர் மனைவிக்கு ஆறுதல் சொல்லியிருந்தார். நீங்க ரெண்டு பேரும் பாத்தே ரொம்ப வருஷம் ஆச்சு, என்ன செய்ய, அவங்கவங்க வாழ்க்கை என்று ஏதோ சொன்னது இப்போது முழுதாக நினைவுக்கு வந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லி? போயிட்டு வான்னு சொல்லியிருப்பீங்க. நான் போகமாட்டேன்னு சொல்லியிருப்பேன். அப்புறம் நான் உங்களுக்காகப் போகலைங்கிறது வீட்டுல ஒரு சாமான் மாதிரி கெடந்திருக்கும்." கொஞ்சம் நிறுத்தினாள். "அழலைங்க. அன்னிக்கு எனக்கு அழுகை வரலை. கோவம்தான் வந்துச்சு. உங்க மேலயான்னு கேட்டா, ஆமா. உங்க மேலதான். நோய் மேல கோவப்பட்டா யாரு கேக்கப்போறா?"

சொல்லிவிட்டு அவள் எண்ணெய்க் குப்பியை மூடி, மிஷினை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். அவள் கோபத்தோடு செருப்பை எடுத்து வைத்தாளா, கோபம் தீர்ந்த பிறகு எடுத்து வைத்தாளா என்பது அவருக்குத் தெரியவில்லை. இந்த மூன்று வருடங்களில் ஒருநாளாவது அவள் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அந்த வாரம் டயாலிசிஸுக்குப் போனபோது பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அடுத்த முறையும் அப்படியே. மூன்றாம் முறை திருத்தம்மா வந்தார், சக்கர நாற்காலியில், தம்பி தள்ளிக்கொண்டு. உடம்பு பாதியாகியிருந்தது. ஊசி போட்டுக்கொள்ள வரவில்லை. நர்ஸ்களிடம் சொல்லிக்கொண்டு போக வந்திருந்தார்.

"நிறுத்திக்கலாம்னு இருக்கேன் மாஸ்டர்."

டாக்டர் இரண்டு வழியையும் எடுத்துச் சொல்லிவிட்டாராம். தொடரலாம், ஆனால் இதயம் தாங்குவது ஒவ்வொரு முறையும் சந்தேகம். பாதி நாள் மயக்கத்திலேயே போகும். நிறுத்தினால் சில நாட்கள், வலி தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள். தம்பி அழுது மாளவில்லை என்று அவன் முன்னாலேயே சொன்னார். மாஸ்டர் வாதாடினார். மருந்து மாற்றலாம், பெரிய டாக்டரைப் பார்க்கலாம், எதிர்க் கட்டில்காரர் எவ்வளவு மோசமாக இருந்து தேறினார் என்றெல்லாம் சொன்னார். திருத்தம்மா கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டார்.

"எல்லாம் சரி. ஆனா நான் யோசிக்காமச் சொல்லலை."

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் திருத்தம்மா. "என்னைப் பத்தி எழுதுவீங்க, தெரியும். பிழை திருத்துறவ, வாழ்க்கைக்கு முற்றுப்புள்ளி வெச்சான்னு மட்டும் எழுதினீங்க, எழுந்து வந்து ஒதைப்பேன்."

மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிக்கொண்டாள். கிளம்பும் முன், அந்தக் கதை என்ன ஆயிற்று என்று திருத்தம்மா கேட்டார். கேட்டேன், சொன்னாள் என்றார் மாஸ்டர். அப்படியென்றால் சீக்கிரம் எழுதி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், எனக்கு ரொம்ப நேரம் இல்லை என்றார். பேருந்தைப் பிடிக்கப் போகிறவர் பேசுகிற குரல்தான்.

மாஸ்டர் எழுதினார். விடிந்ததும் உட்கார்ந்து மத்தியானம் வரை எழுதினார். தாழ்வாரம், தண்ணீர் பாட்டில் மிஷின், ஜன்னல். போனில் ஒரு பெண் குரல், ரத்து செய்வதற்கான காரணம் என்ன என்று கேட்கிறது. மனைவி என்ன சொல்லியிருப்பாள்? அதைக் கேட்க மறந்திருந்தார். அந்த இடத்தை வெற்றாக விட்டார். அவள் கோபத்தை எழுதும்போது அவர் விரல் நின்றுவிட்டது. தன்னை ஒருவர் வெறுத்த நேரத்தை, வெறுத்தவரின் பக்கம் நின்று எழுதுவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வெகுநேரம் கழித்து மெதுவாக எழுதினார். எழுதியதில் தன்னை நல்லவனாக்கும் வரிகள் தாமாகவே வந்து விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

திருத்தம்மாவின் அறை தம்பி வீட்டில் பின்பக்கம் இருந்தது. ஒரு கட்டில், ஒரு மேஜை, மேஜை மேல் மருந்தும் ஒரு டம்ளர் பனிக்கட்டியும். தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாதென்று இத்தனை காலம் கட்டுப்படுத்தியதற்கு இப்போது ஆசை தீரப் பனிக்கட்டி சப்புவதாகச் சொன்னார். பேச்சு மெல்லியதாக இருந்தது. மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். திருத்தம்மா கண்களை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று இரண்டு இடத்தில் மாஸ்டர் நிறுத்தினார். இரண்டு இடத்திலும் விரல் அசைந்து, மேலே படி என்றது.

கதையின் முடிவில், எண்ணெய்க் குப்பியை மூடிவிட்டு மனைவி சிரித்தபடி சொல்கிறாள்: 'பரவாயில்லைங்க, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.'

திருத்தம்மா கண்ணைத் திறந்தார்.

"சொன்னாங்களா?"

"இல்லை."

"அப்ப அதை அவங்க வாயில ஏன் வெக்கிறீங்க?"

மாஸ்டர் அந்த வரியை அழித்தார். அழித்த பிறகு கதை தையல் மிஷின் ஓடும் சத்தத்தில் நின்றது. அது முடிவு மாதிரியே இல்லை என்றார். இருக்கட்டும் என்றார் திருத்தம்மா. கொஞ்சம் பொறுத்து, இதை அவங்களிடம் காட்டினீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும், முதலில் அங்கே அல்லவா காட்டியிருக்க வேண்டும், எனக்கு என்ன உரிமை இதைக் கேட்க என்றார். அது கோபம் அல்ல. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. டம்ளரிலிருந்து ஒரு பனிக்கட்டித் துண்டை எடுத்துத் தரும்படி சைகை காட்டினார். மாஸ்டர் எடுத்துக் கொடுத்தார். அது கரையும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தார்.

அந்த வாரம் முடியும் முன் தம்பி போன் செய்தார். அமைதியாகப் போய்விட்டார் என்றார்.

மாஸ்டரும் மனைவியும் இறுதிச் சடங்குக்குப் போய் வந்தார்கள். பதிப்பகத்திலிருந்து நாலைந்து பேர், எதிர்க் கட்டில்காரர், பணி முறை முடிந்து வந்த இரண்டு நர்ஸ்கள். கூட்டம் அவ்வளவுதான். திரும்பி வரும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. பேருந்து ஊரின் பாதியைத் தாண்டியது. பிறகு மனைவி, அவங்களுக்கு வாசிச்சுக் காட்டினீங்களே, அதுல என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க என்று கேட்டாள். மாஸ்டர், வீட்டில் வைத்துக் காட்டுகிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து குளித்து, துணி மாற்றிக்கொண்டு, அவள் சமையலறை மேடையருகே பீன்ஸை வைத்துக்கொண்டு நார் உரிக்க ஆரம்பித்தாள். அவர் வாசலில் நின்றபடி வாசித்தார். அவள் நிமிரவில்லை. கோபம் வந்த இடத்தில் மட்டும் உரிப்பது நின்றது, பிறகு தொடர்ந்தது. போனில் பேசிய பெண் காரணம் கேட்ட இடத்துக்கு வந்ததும், இங்கே நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது, அதனால் எழுதவில்லை என்றார்.

"'குடும்பக் காரணம்'னு சொன்னேன். அந்தப் பொண்ணு சரிங்கன்னு சொல்லிட்டு வெச்சிட்டா."

அவர் முடித்தார். வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டும் சத்தம் கேட்டது. தப்பு என்று சொல்வாள், அழிக்கச் சொல்வாள், எழுந்து போய்விடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் உரித்த நாரையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"நடந்ததை நடந்த மாதிரிதான் எழுதியிருக்கீங்க. நான் இருக்கேன், நீங்க இருக்கீங்க. ஆனா என் அக்கா எங்க? வெறும் டிக்கெட்டாத்தானே இருக்கா. அவளும் ஒரு ஆளுதானேங்க."

உண்மைதான். அந்த அக்காவை அவர் மொத்தம் ஐந்தாறு முறைதான் பார்த்திருப்பார். உயரமானவள் என்பது தவிர ஒன்றும் தெரியாது.

"எப்படி இருப்பா அவ?" என்று கேட்டார்.

மனைவி இன்னொரு பீன்ஸை எடுத்து நார் உரித்தாள். பிறகு, அவளுக்கு விசில் அடிக்க வராது என்றாள். சின்ன வயதிலிருந்தே வராது. ஆனால் வரும் என்று சாதிப்பாள். தெருவில் எந்தப் பையன் விசில் அடித்தாலும் நின்று, உதட்டைக் குவித்து, தானும் பதிலுக்கு அடித்துக் காட்டுவாள். வெறும் காற்றுதான் வரும். கேட்டுச்சா பாரு, கேட்டுச்சா பாரு என்பாள். ஒருமுறை அப்பா வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். உள்ளே மாட்டிக்கொண்ட இவள் அழுதுகொண்டிருக்க, அக்கா ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, தெருவில் போகிறவர்களை விசிலடித்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அழுதுகொண்டிருந்த இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா வந்து திறக்கும் வரை சிரித்துக்கொண்டே இருந்தார்களாம்.

மாஸ்டர் போனை மேடை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அவளுக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாதி பீன்ஸைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். இந்த முறை அவள் முகத்தைப் பார்த்தார். கண் ஓரம் ஈரமாக இருந்தது. வாய் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவே எங்கோ நின்றது.

"இப்படி" என்று அவள் உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினாள். காற்று மட்டும் வந்தது.